சீனர்கள் பிடிவாதப் பழமைவாதியை ‘மோவின் காவல்’ என்று சொல்வது ஏன்?

கேள்வி கேட்டவர் சீன நிறுவனம் ஒன்றின் அறிக்கையில் ‘மோ ஷோவ் செங் குய்’ என்ற நான்கெழுத்துத் தொடரைப் பார்த்திருக்கிறார். பழைய விதிமுறைகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருப்பது என்று அகராதி பொருள் சொல்கிறது. முதல் எழுத்தை மட்டும் தனியே தேடினால் ‘எழுதும் மை’ என்று வருகிறது. மைக்கும் பழமைவாதத்துக்கும் என்ன உறவு, மையால் எழுதிவைத்த விதி என்று கொள்ளலாமா என்பது அவர் சந்தேகம்.

கொள்ள முடியாது. அந்த ‘மோ’ ஓர் ஆள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோ தி என்ற சிந்தனையாளர். மரியாதையாக மோட்சு என்பார்கள். (முகத்தில் மையால் பச்சை குத்தும் தண்டனை அக்காலச் சீனாவில் இருந்தது, அதிலிருந்து வந்த பட்டப்பெயர்தான் ‘மோ’ என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அது வேறு வழக்கு.) ஆக, தொடரின் நேர்ப்பொருள் ‘அமைந்துவிட்ட விதிகளை மோட்சுவைப் போலக் காப்பது’. இன்றைய வழக்கில் இது வசவு. தோன்றியபோது இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒரு பாராட்டு எப்படி வசவானது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. அதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மோட்சுவின் பெயரிலுள்ள நூலில் ‘கோங்ஷு’ என்றொரு சிறிய அத்தியாயம் இருக்கிறது. சீனா பல நாடுகளாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்த காலம். தெற்கே சூ என்ற பெரிய நாடு. வடக்கே, இன்றைய ஹெனான் மாகாணத்தின் ஷாங்சியூ பக்கம், சோங் என்ற சின்ன நாடு. லூ நாட்டுத் தச்சர் கோங்ஷு பான் சூ அரசரிடம் வேலைக்குச் சேர்ந்து, கோட்டை மதில்மேல் ஏறுவதற்கான புதுவகை ஏணியைச் செய்து கொடுத்துவிட்டார். அதற்கு ‘மேக ஏணி’ என்று பெயர். ஏணி தயாரானதும் அரசருக்கு சோங் நாட்டின்மேல் கண் போயிற்று.

செய்தி கேட்ட மோட்சு வடக்கிலிருந்து கிளம்பி, பத்துப் பகலும் பத்து இரவும் நடந்து சூ தலைநகரான யிங் நகரத்துக்கு வந்தார். நேரே தச்சர் வீட்டுக்குப் போனார். “என்ன காரியமாக வந்தீர்கள்?” என்று கோங்ஷு பான் கேட்டார்.

“வடக்கே ஒருவன் என்னை அவமதித்துவிட்டான். நீங்கள் அவனைக் கொன்று தர வேண்டும்.”

தச்சரின் முகம் சுருங்கியது.

“சும்மா வேண்டாம், பொன் தருகிறேன்.”

“நான் நெறி தவறாதவன். ஆளைக் கொல்ல மாட்டேன்.”

மோட்சு எழுந்து இருமுறை வணங்கினார். “அப்படியானால் சோங் நாட்டைப் பற்றிப் பேசுவோம். சூ நாட்டில் நிலம் மிகுதி, மக்கள் குறைவு. குறைவாக உள்ள மக்களைச் சாகவிட்டு, மிகுதியாக உள்ள நிலத்தை மேலும் சேர்ப்பது அறிவா? ஒருவனைக் கொல்வது நெறியல்ல என்கிறீர்கள். பலரைக் கொல்வது மட்டும் நெறியா?”

தச்சரிடம் பதில் இல்லை. ஆனாலும் “அரசரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்றார். சரி, அரசரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் மோட்சு.

அரசரிடம் வேறு கணக்கு. “ஒருவனிடம் அலங்கரித்த தேர் இருக்கிறது; பக்கத்து வீட்டு ஓட்டை வண்டியைத் திருடப் பார்க்கிறான். பட்டாடை இருக்கிறது, அடுத்தவனின் கந்தல் சட்டைமேல் ஆசை. வீட்டில் சோறும் இறைச்சியும் இருக்க, அடுத்த வீட்டுத் தவிட்டைத் திருட நினைக்கிறான். இவன் எப்படிப்பட்டவன்?” என்று கேட்டார். “திருட்டு நோய் பிடித்தவனாக இருக்க வேண்டும்” என்று அரசர் தாமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சூ ஐயாயிரம் லி (சீனத் தூர அளவு) பரப்புள்ள நாடு, சோங் ஐந்நூறு லி. இதுவும் அந்தத் தேரும் ஓட்டை வண்டியும் போலத்தானே என்றார் மோட்சு.

அரசர் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். “நன்றாகச் சொன்னீர். ஆனால் ஏணி செய்தாகிவிட்டதே, சோங்கைப் பிடித்தே தீர வேண்டும்” என்றார். ஆயுதம் கைக்கு வந்துவிட்டது, எனவே போர் வேண்டும்! இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய உரையாடல் இது.

வாதத்தில் வென்றும் காரியம் நடக்காத இந்த இடத்தில்தான் மோட்சு இடுப்புக் கச்சையை அவிழ்க்கிறார். அதை வளைத்துத் தரையில் வைத்து, இதுதான் கோட்டை மதில் என்கிறார். சிறு மரத்துண்டுகளைக் காவல் பொறிகளாக வைக்கிறார். எதிரே உட்கார்ந்த கோங்ஷு பான் ஒன்பது விதமாகத் தாக்குகிறார். ஒன்பது முறையும் மோட்சு முறியடிக்கிறார். தச்சரிடம் தாக்கும் வழிகள் தீர்ந்துபோயின. காக்கிறவரிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

“உம்மை வெல்லும் வழி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்” என்றார் தச்சர்.

“அந்த வழி எது என்று எனக்கும் தெரியும். நானும் சொல்ல மாட்டேன்” என்றார் மோட்சு.

அரசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோட்சு விளக்கினார்: “என்னைக் கொன்றுவிட்டால் சோங் நாட்டைக் காக்க ஆளிருக்காது என்று இவர் எண்ணுகிறார். ஆனால் என் மாணவர் சின் குலியும் முந்நூறு பேரும் என்னுடைய காவல் பொறிகளுடன் இப்போதே சோங் மதில்மேல் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். என்னைக் கொன்றாலும் அவர்களை ஒழிக்க முடியாது.” அரசர் படையெடுப்பைக் கைவிட்டார்.

அத்தியாயம் இத்துடன் முடியவில்லை. திரும்பும் வழியில் மோட்சு சோங் நாட்டைக் கடக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. ஊர் வாயிலில் ஒதுங்கப் போனால், காவலாளி உள்ளே விட மறுக்கிறான். யாரால் அந்த வாயில் இன்னும் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. சீன இலக்கியத்தில் இவ்வளவு கசப்பான நகைச்சுவை அபூர்வம்.

‘மோவின் காவல்’ என்ற பேச்சு இப்படி வந்ததுதான். அசைக்க முடியாத தற்காப்பு என்பதே அதன் பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் யான் நாட்டுத் தளபதி ஒருவர் லியாவோசெங் நகரத்தை ச்சி நாட்டுப் படையிடம் விட்டுக்கொடுக்காமல் ஓராண்டுக்கும் மேலாகப் பிடித்து வைத்திருந்தார். அவரைச் சரணடையச் சொல்லி லூ சோங்லியான் என்பவர் கடிதம் எழுதி, அதை அம்பில் கட்டி மதிலுக்குள் எய்தார். தளர்ந்துபோன மக்களை வைத்துக்கொண்டு முழு ச்சி படையை இத்தனை நாள் தடுத்திருக்கிறீர்கள், ‘இது மோ தியின் காவல்’ என்று அதில் வருகிறது. எதிரியையே மெச்சும் சொல்லாக அன்று அது இருந்தது.

அந்த மெச்சலுக்குப் பின்னால் நிஜமான தொழில்நுட்பம் உண்டு. மோட்சு நூலின் கடைசிப் பகுதியில் முற்றுகையை எதிர்கொள்வது பற்றிய அத்தியாயங்கள் பதினொன்று மிஞ்சியிருக்கின்றன. ஏணிக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று என்று தலைப்பு வாரியாகப் போகும். சுரங்க அத்தியாயத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள். எதிரி மதிலுக்கு அடியில் குடைந்து வருகிறான் என்று சந்தேகம் வந்தால், மதிலை ஒட்டி உட்புறம் ஐந்தடிக்கு ஒன்றாகக் கிணறு தோண்ட வேண்டும் (இங்கே அடி என்பது காலடி, அளவுகோல் அடி அல்ல). குயவரிடம் சொல்லிப் பெரிய மண்சாடிகள் செய்வித்து, வாயில் மெல்லிய தோலை இறுக்கிக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். காது கூர்மையான ஆளை உள்ளே இறக்கி, சாடியில் காதை வைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். குடையும் ஓசை எந்தத் திசையில் வருகிறது என்று பிடிபட்டதும் இந்தப் பக்கத்திலிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டி, உலைத்துருத்தியால் புகையை உள்ளே செலுத்த வேண்டும். தோல் கட்டிய சாடியை ஒற்றனாக்கிய மனிதரைத்தான் இன்று பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவர்களுக்கு உவமையாக்கியிருக்கிறார்கள்.

திருப்பம் நடந்த இடம் ஒரு புலவர் சண்டை. அதுவும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில், மோட்சுவின் மரபே அழிந்துபோன பிறகு.

கன்பூசியஸ் தொகுத்ததாகச் சொல்லப்படும் ‘வசந்தமும் இலையுதிர்காலமும்’ என்ற வரலாற்றுக் குறிப்பேட்டுக்கு மூன்று பழைய உரைகள் உண்டு: கோங்யாங், குலியாங், ட்ஸுவோ. எது சரியான உரை என்பதில் ஹான் வம்சக் காலத்துப் பண்டிதர்கள் கட்சி கட்டிக்கொண்டு மோதினார்கள். ஹே ஷியூ (129–182) கோங்யாங் கட்சி. அந்த உரைக்கு விளக்கம் எழுத 17 ஆண்டுகள் வாசலை எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர். அவர் மூன்று நூல்கள் எழுதினார். தலைப்புகளைப் பாருங்கள்: ‘ட்ஸுவோவின் குணமாகாத நோய்’, ‘குலியாங்கின் முடக்குவாதம்’, ‘கோங்யாங்: மோவின் காவல்’. மற்ற இரண்டும் நோயாளிகள், என் கட்சி மட்டும் மோட்சு காக்கும் கோட்டை என்பது அர்த்தம்.

இதற்குப் பதில் சொன்னவர் செங் ஷுவான் (127–200), அந்தக் காலத்தின் மிகப்பெரிய உரையாசிரியர். அவரும் மூன்று நூல்கள் எழுதினார்: ‘நோய்க்கு ஊசி குத்துதல்’, ‘முடங்கியவனை எழுப்புதல்’, ‘மோவின் காவலைத் திறத்தல்’. படித்துவிட்டு ஹே ஷியூ பெருமூச்சு விட்டாராம்: “என் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, என் ஈட்டியையே எடுத்து என்னைக் குத்துகிறாரே!” இந்தப் பெருமூச்சும் தனியாக ஒரு மரபுத்தொடராகிவிட்டது. தோற்றவர் வாயிலிருந்து வந்த மிக நேர்த்தியான வாக்கியங்களில் இதையும் சேர்க்கலாம்.

என் கணிப்பில் வசவுக்கான விதை இங்கேதான் விழுந்தது. மோட்சு காத்தது மக்கள் உயிரோடிருந்த ஊரை. ஹே ஷியூ காத்தது ஒரு புத்தகத்தை, அதுவும் தன் கட்சியின் புத்தகத்தை. கோட்டைக்குப் பதில் கொள்கை வந்து நின்றதும், விடாமல் காப்பது வீரத்தோற்றத்தை இழந்து பிடிவாதமாகத் தெரிய ஆரம்பித்தது. காவல் உடைக்கப்பட்டதாகவும் எல்லோரும் சொன்னதால் அந்தப் பிடிவாதம் வீண் என்றும் ஆனது. 17ஆம் நூற்றாண்டில் ஹுவாங் சோங்ஷி என்ற அறிஞர் எழுதும்போது, ஒரே மரபை மட்டும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு தொங்குவது என்ற பொருளில் ‘மோவின் காவல்’ என்கிறார். ‘அமைந்த விதி’ என்ற பின்பாதி ஒட்டிக்கொண்டு நான்கெழுத்தாக நிலைத்தது பிற்காலத்தில்தான்.

இதில் அநியாயம் என்னவென்றால், பழைய சீனாவில் ‘வழக்கம் என்பதற்காகச் செய்யாதே’ என்று மோட்சுவைப் போல உரக்கச் சொன்னவர் குறைவு. சான்றோன் பழங்கால உடையை உடுத்தி, பழங்காலப் பேச்சைப் பேச வேண்டும் என்றார்கள் அவர் காலத்துக் கன்பூசிய வழியினர். அவர் பெயரிலுள்ள நூல் திருப்பிக் கேட்கிறது: நீங்கள் பழசு என்று சொல்லும் அந்த உடையும் பேச்சும் ஒரு காலத்தில் புதுசுதானே? அன்று அதை உடுத்தியவர்கள் சான்றோர் இல்லையா? சான்றோன் முன்னோரைப் பின்பற்றுவான், புதிதாக எதையும் செய்ய மாட்டான் என்று இன்னொரு வாதம். அதற்கும் பதில் உண்டு: வில்லையும் கவசத்தையும் வண்டியையும் படகையும் முதலில் செய்தவர்கள் அப்படியானால் அற்பர்கள், அவற்றைப் பார்த்துச் செய்யும் இன்றைய தோல்காரரும் வண்டித் தச்சரும் மட்டும் சான்றோர்களா? வேறோர் இடத்தில் நிதானமாகவே சொல்கிறார்: பழையதில் நல்லதை எடுத்துச் சொல்வோம், இன்று நல்லதாகத் தோன்றுவதைப் புதிதாகச் செய்வோம், நல்லது பெருக வேண்டும் அவ்வளவுதான்.

இவற்றைவிடக் கூர்மையானது ஆடம்பர இறுதிச்சடங்கை எதிர்த்து எழுதிய பகுதி. சொத்தை அழித்துப் பிணத்தைப் புதைப்பதும் மூன்றாண்டு துக்கம் காப்பதும் தவறென்றால், முன்னோர் ஏன் செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு தூர தேசத்துக் கதையைச் சொல்கிறார். அங்கே தலைப்பிள்ளை பிறந்தால் வெட்டித் தின்றுவிடுவார்கள். அடுத்த பிள்ளைக்கு நல்லது என்பார்கள். தாத்தா இறந்தால் பாட்டியைத் தூக்கிப்போய் எறிந்துவிடுவார்கள். பேயின் மனைவியோடு எப்படிக் குடியிருப்பது என்பார்கள். அங்கே மேலிருப்பவர்களுக்கு அதுதான் ஆட்சிமுறை, கீழிருப்பவர்களுக்கு அதுதான் வழக்கம். இது அறமா? பழகியது வசதியாக இருக்கிறது, ஊர் வழக்கம் நியாயமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று முடிக்கிறார். ‘காலங்காலமாக இப்படித்தான்’ என்ற வாதத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பை நான் படித்ததில்லை.

ஆனால் வசவு முழுக்கவும் பொய் என்றும் சொல்ல மாட்டேன். மோட்சுவின் வழிவந்தவர்களிடம் ஓர் இரும்புப் பிடிவாதம் இருந்தது உண்மை. கி.மு. 381இல் யாங்செங் பிரபுவுக்காக அவருடைய நகரத்தைக் காக்கும் பொறுப்பு அந்த மரபின் தலைவர் மெங் ஷெங்கிடம் இருந்தது. பிரபு குற்றத்துக்கு ஆளாகித் தப்பி ஓடிவிட்டார். சூ அரசு நகரத்தைப் பறிக்க வந்தது. தடுக்கப் படையில்லை. செத்துப் பயனில்லை என்றார் ஒரு மாணவர். கொடுத்த வாக்கைக் காக்காவிட்டால் இனி யாரும் நம்மை நம்பி ஆசிரியராகவோ நண்பராகவோ தேட மாட்டார்கள் என்றார் தலைவர். அவரோடு நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சோங் நாட்டிலிருந்த அடுத்த தலைவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கப் போன தூதர்கள் இருவர், அவர் தடுத்தும் கேட்காமல் திரும்பி வந்து உயிரை விட்டார்கள். புதிய தலைவரின் பேச்சைக் கேளாமல் பழைய தலைவரோடு சாகத் திரும்பிய அந்த இருவரையும் பார்த்து ‘மோவின் காவல்’ என்று யாராவது முகம் சுளித்தால் என்னால் மறுக்க முடியாது.

கோட்டையைத் தாக்க வந்தவரின் கதி என்ன ஆயிற்று என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. கோங்ஷு பான்தான் பின்னாளில் லூ பான் என்று தச்சர்களின் குலதெய்வமானவர். ஹாங்காங்கின் கென்னடி டவுனில் 1884இல் கட்டிய லூ பான் கோயில் இன்றும் இருக்கிறது. சீனாவில் கட்டுமானத் துறையின் உயர்ந்த விருது 1987 முதல் அவர் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது. ‘பான் வீட்டு வாசலில் கோடரி வீசுவது’ என்று அவருக்கும் ஒரு மரபுத்தொடர் உண்டு. நம் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ அச்சு அசலாக அதுவேதான். கச்சைக் கோட்டை விளையாட்டில் தோற்றவருக்குக் கோயிலும் விருதும், வென்றவருக்கு வசவு. மோட்சுவுக்குக் கிடைத்த ஈடு மிகத் தாமதமானது: 2016 ஆகஸ்டில் சீனா ஏவிய குவாண்டம் அறிவியல் செயற்கைக்கோளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சிறு துளை வழியாக வரும் ஒளி தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்குவதை அவர் நூல் பேசுகிறது என்பதற்காக.

இனி பயன்பாடு. நான் தமிழ்நாட்டில் ஓடு செய்யும் தொழிற்சாலைகளுக்காகத் தென்சீனாவின் ஃபோஷான் நகரத்து இயந்திரக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருபவன். அங்கே இந்தத் தொடர் பெரும்பாலும் எதிர்மறையோடு சேர்ந்துதான் காதில் விழும். ‘மோவின் காவல் கூடாது, புதுமை வேண்டும்’ என்று தொழிற்கூடச் சுவரில் எழுதியிருப்பார்கள். ஒருமுறை சூளையின் வெப்ப அளவை மாற்ற ஒப்புக்கொள்ளாத மூத்த மேற்பார்வையாளரைப் பற்றி இளம் பொறியாளர் ஒருவர், அவர் அப்பால் போனதும் குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னார். முகத்துக்கு நேரே சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். எனவே உங்கள் சீன மேலாளரிடம் ‘நீங்கள் மோவின் காவலர்’ என்று விளையாட்டாகக்கூடச் சொல்லிவிடாதீர்கள். உங்களைப் பற்றியே பேசும்போது ‘நான் அப்படி இருக்க விரும்பவில்லை’ என்பது பாதுகாப்பான வழி.

மரத்தடி முயல் கதையும் இதுவும் ஒன்றா என்று பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். முயல் ஒன்று ஓடிவந்து மரக்கட்டையில் மோதிச் செத்தது. அதைக் கண்ட உழவன் கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக அங்கேயே காத்திருந்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் இதைச் சொன்னது பழைய அரசர்களின் முறையில் இன்றைய மக்களை ஆள நினைப்பவர்களைக் கிண்டல் செய்ய. அதனால் பிறப்பில் இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் இன்றைய பேச்சில் முயல் கதை உழைக்காமல் அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கும் சோம்பேறியைக் குறிக்கிறது. மோவின் காவலர் சோம்பேறி அல்ல. கடுமையாக உழைப்பார், பழைய முறைப்படியே உழைப்பார். உங்கள் அறிக்கையில் இருப்பது உற்பத்தி முறையை மாற்ற மறுப்பவர்களைப் பற்றிய வாக்கியம் என்றால் மோட்சுதான் பொருத்தம். தமிழில் எழுதும்போது ‘பழைய முறையை விடாப்பிடியாகப் பற்றியிருப்பது’ என்று போட்டாலே போதும். ‘பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்று மட்டும் பெயர்த்துவிடாதீர்கள். அது கண்ணெதிரே உள்ளதையும் மறுக்கும் வீம்பு. ஃபோஷான் மேற்பார்வையாளர் அப்படி எதையும் மறுக்கவில்லை, பழைய வெப்ப அளவில் ஓடு நன்றாகவே வெந்துகொண்டிருந்தது.